சட்டம் சொல்லித்தருபவர் நீதிபதி ஆக முடியுமா? – கோத்தகிரியிலிருந்து ஒரு சந்தேகம்

ஹட்டிப்பெண் (கோத்தகிரி) – சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடச் சட்டப் படிப்பு இந்த மே மாதத்தோடு முடிகிறது. எங்கள் ஹட்டியில் (எங்கள் கிராமத்தை அப்படித்தான் சொல்வோம்) சட்டம் படித்த முதல் பெண் நான்தான். அதனால் கல்யாண வீடோ சாவு வீடோ, எங்கே போனாலும் "ஜட்ஜம்மா எப்போ ஆகப்போறே?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அப்பாவுக்கும் அதே கனவு.

எனக்கு என்னவோ பாடம் நடத்தத்தான் பிடித்திருக்கிறது. போன மாதம் ஜூனியர் பிள்ளைகள் சரக்கு விற்பனைச் சட்டம் 9-வது பிரிவு புரியவில்லை என்று வந்தார்கள். விலையே பேசாமல் விற்பனை எப்படி நடக்கும் என்பது அவர்கள் சந்தேகம். எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். காலையில் இலை பறிக்கிறோம், வண்டிக்காரர் எடை போட்டுச் சீட்டு தருகிறார், இலை ஃபேக்டரிக்குப் போய்த் தூளாகவே ஆகிவிடுகிறது. விலை என்னவென்று மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். ஆனாலும் அது விற்பனைதான். விலையை எப்படி முடிவு செய்வது என்று பேசியிருந்தால் அந்த முறைப்படி. பேசவே இல்லையென்றால் நியாயமான விலை. "நியாயமான விலைன்னா எவ்வளவுக்கா?" என்று ஒருவன் கேட்டான். "அதைத்தான் எங்கப்பா இருபது வருஷமா கேட்டுட்டு இருக்கார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பிரிவு 9 அவனுக்கு இனி மறக்காது.

என் கேள்வி இதுதான். சட்டத்தில் மேல்படிப்பான எல்.எல்.எம். முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதி, கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டால் நீதிபதி ஆகும் வழி மொத்தமாக அடைபட்டுவிடுமா? இங்கிலாந்தில் ஒரு பேராசிரியை உச்ச நீதிமன்றத் தலைவராகவே இருந்தாராமே?

பச்சைத்தேயிலை (குன்னூர்) – சனி, இரவு 9.31

வாத்தியார் நீதிபதியானால் வாதி, பிரதிவாதி இரண்டு பேரையும் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்லிவிடுவார். கேஸ் சீக்கிரம் முடியும். எனக்குச் சம்மதம்.

(நியாயமான விலை எவ்வளவு என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள் தங்கச்சி.)

கோர்ட்டுவாசி (ஊட்டி) – சனி, இரவு 10.05

நான் ஊட்டியில் பிராக்டிஸ் செய்பவன். முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, கனவை அப்புறம் பார்ப்போம்.

கீழ்க்கோர்ட்டு சிவில் நீதிபதி தேர்வுக்கு, படித்து முடித்த கையோடு போக முடிந்த காலம் போய்விட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் கணக்கில் வரும். உயர் நீதிமன்றம் என்றால் பத்து வருடம் வக்கீல், அல்லது பத்து வருடம் நீதித்துறைப் பதவி.

கல்லூரியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் பார் கவுன்சில் விதிப்படி தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். அங்கேதான் கதவு சாத்திக்கொள்கிறது. வக்கீலாக இருந்துகொண்டே சட்டம் சொல்லித்தரலாம், அதற்கு 1979-லேயே தனி விதி இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், கீழே அத்தனை பூட்டும் போட்டுவிட்டு, உச்சியில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். அரசமைப்புச் சட்டம் 124(3)-ல், உயர் நீதிமன்ற நீதிபதி, வக்கீல் இரண்டு பேரோடு மூன்றாவதாகச் "சிறந்த சட்ட வல்லுநர்" என்று ஒரு வகை உண்டு. அரசமைப்பு அவையில் ஹெச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தத்தால் வந்தது. அந்த வழியாக இதுவரை ஒருவர்கூட உச்ச நீதிமன்றத்துக்குப் போனதில்லை. எழுபத்தைந்து வருடமாகத் துடைத்து வைத்த நாற்காலி. உயர் நீதிமன்றத்துக்கும் அதே வகையை 1976-ல் 42-வது திருத்தத்தில் சேர்த்தார்கள், 44-வது திருத்தத்தில் எடுத்தும் விட்டார்கள்.

மேகமூட்டம் (குன்னூர், இப்போது கோவை) – ஞாயிறு, காலை 7.20

நீ கேட்டது பிரெண்டா ஹேலைப் பற்றிம்மா. நான் குடும்பச் சட்டம் நடத்துகிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்.

1945-ல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் அப்பா திடீரென்று போய்விட்டார். அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர். அம்மா முடங்கிப்போகாமல் உள்ளூர்த் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஆனார். கேம்பிரிட்ஜில் ஹேலின் வகுப்பில் 110 ஆண்கள், 6 பெண்கள். முதல் மாணவியாக வெளியே வந்தார். 1966-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சட்டம் நடத்தப் போனவர், பதினெட்டு வருடம் அங்கேயே இருந்தார். நடுவில் வக்கீல் தேர்வு எழுதி அதிலும் முதலிடம், கொஞ்ச நாள் கல்லூரியோடு சேர்த்துத் தொழிலும் செய்தார். இரண்டு குதிரையில் சவாரி முடியாது என்று தெரிந்ததும் அவர் விட்டது வக்கீல் தொழிலை.

1984-ல் அங்குள்ள சட்ட ஆணையத்துக்குப் போனார், முதல் பெண் உறுப்பினர். இங்கேதான் அவர் பாதை திரும்பியது என்பது என் எண்ணம். அங்கே செய்த வேலையிலிருந்துதான் 1989-ன் குழந்தைகள் சட்டம் வந்தது. அதுவரை பிரிந்துபோன பெற்றோரில் யாருக்குக் குழந்தை "சொந்தம்" என்ற தோரணையில்தான் வழக்கு நடக்கும். அந்தச் சட்டம் உரிமை என்ற பேச்சைக் குறைத்து, பெற்றோருக்குப் பொறுப்பு என்றது. குழந்தை யாரோடு வசிக்கும், யாரோடு தொடர்பு வைத்திருக்கும் என்று கேள்வியையே மாற்றியது. சட்டத்தை நடத்தியவர், சட்டத்தை எழுத உதவினார், அப்புறம் 1994-ல் அதே சட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவுக்கு வந்தார். வக்கீல் தொழிலையே வாழ்க்கையாகக் கொள்ளாத ஒருவர் அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2004-ல் பிரபுக்கள் சபையின் (அப்போது அங்கே உச்ச நீதிமன்றம் அதுதான்) முதல் பெண் சட்டப் பிரபு, 2017-ல் உச்ச நீதிமன்றத் தலைவர்.

(நம் உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாகப் பாத்திமா பீவி வந்தது 1989-ல். பிறகு நமக்கே ஆளுநராகவும் வந்தவர். இந்த ஒரு விஷயத்தில் நாம் பதினைந்து வருடம் முந்தி, பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.)

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. மான்செஸ்டரில் இருந்தபோது, 1976-ல், மனநலச் சட்டத்துக்கு ஒரு பாடப் புத்தகம் எழுதினார். அப்போது அந்தப் பாடத்தை யார் சீந்தினார்கள்? 2014-ல் அவர் முன் ஒரு வழக்கு வந்தது. மனவளர்ச்சி குன்றிய மூன்று பேர், நல்ல பராமரிப்பு, நல்ல சாப்பாடு, ஆனால் தனியாக வெளியே போக முடியாது. அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, அப்படியானால் சுதந்திரம் பறிக்கப்பட்டதாகச் சொல்லலாமா? தங்கக் கூண்டானாலும் கூண்டுதான் என்று எழுதினார். முப்பத்தெட்டு வருடம் மனதில் ஊறிய பாடம் அது. வழக்குக் கட்டை முந்தின நாள் ராத்திரி பிரித்துப் படிக்கிறவருக்கு அந்த வரி வராது.

பழைய குமாஸ்தா (குன்னூர்) – ஞாயிறு, காலை 11.45

மேடம் எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லவா? முப்பத்தைந்து வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். புத்தகம் கரைத்துக் குடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், கூண்டில் ஏறுகிறவன் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வித்தை வகுப்பில் வராது.

ஒரு எல்லைத் தகராறு. ஐப்பசி மாதம், காலை ஏழு மணிக்கு எதிர்த்தரப்புக்காரர் வேலிக்கல்லைப் பிடுங்கியதை நூற்றைம்பது அடி தள்ளி நின்று பார்த்தேன் என்று சாட்சி அடித்துச் சொல்கிறார். தேதி, கிழமை, போட்டிருந்த சட்டை நிறம் வரைக்கும் சரியாகச் சொல்கிறார். எங்கள் சீனியர் மெதுவாக எழுந்து ஒரே கேள்வி கேட்டார்: "அந்த வாரம் உங்க வீட்டுல துவைச்ச துணி எப்போ காஞ்சுது?" சாட்சிக்கு ஏன் கேட்கிறார் என்றே புரியவில்லை. "எங்கீங்க காயறது, நாலு நாளா ஒரே மிஸ்ட்டு, எதிர்வீடே தெரியல" என்றார். சீனியர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

நீதிபதி மலைக்குப் புதுசாக இருந்தால்கூட அந்தப் பதில் எதற்கு என்று பிடித்துக்கொள்வார், கோர்ட்டில் பழகியவராக இருந்தால். பாடம் மட்டும் நடத்தியவர் "இந்தக் கேள்விக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருப்பார்.

மேகமூட்டம் – ஞாயிறு, மதியம் 1.15

துணி காய்ந்த கதையை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன் ஐயா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால்.

நீங்கள் சொல்வது நியாயம். அதனால்தான் அந்த ஊரில் பேராசிரியர்களைக் கொண்டுபோய் நேராக உச்சியில் உட்கார வைப்பதில்லை. ரெக்கார்டர் என்று ஒரு பகுதிநேர நீதிபதிப் பதவி உண்டு. சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே வருடத்தில் சில வாரம் கோர்ட்டில் உட்கார வேண்டும். ஹேல் 1989-லிருந்து அந்தப் பதவியில் இருந்தார். சாட்சி முகத்தைப் பார்க்கும் பழக்கம் அங்கே கொஞ்சம் வந்திருக்கும். நம்மிடம் இந்த ஏற்பாடு இல்லை, அதுதான் குறை என்பேன்.

ஆனால் முகம் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் சில முகங்கள் கண்ணில் படுவதில்லை. 2011-ல் ஒரு வழக்கு. ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு வீட்டை விட்டு வந்து, தங்க இடம் வேண்டும் என்று உள்ளாட்சியிடம் கேட்கிறார். கணவர் கத்துவார், வீட்டுச் செலவுக்குப் பணம் தரமாட்டார், குழந்தைகளைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயம். "அடித்தாரா?" "இல்லை." அப்படியானால் குடும்ப வன்முறை இல்லை, வீட்டுக்கே போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். கீழே இருந்த கோர்ட்டுகளும் அதையே சொல்லின. கை நீட்டினால்தான் வன்முறையா, மிரட்டி ஒடுக்கி வைப்பதும் வன்முறைதான் என்று ஹேல் தலைமையில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. நம் ஊரில் 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம் பணம் தராமல் வைப்பதையும் சேர்த்து அப்போதே எழுதிவிட்டது என்பது வேறு விஷயம். எழுதியது இருக்கிறது, "அடிச்சானா?" என்ற கேள்வியும் இன்னும் இருக்கிறது.

2010-ல் இன்னொன்று. கல்யாணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்ட தம்பதியின் வழக்கு. ஒன்பது நீதிபதிகள். ஒப்பந்தத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்று எட்டு ஆண்கள் ஒரு பக்கம், ஹேல் தனியாக மறுபக்கம். இந்த மாதிரி ஒப்பந்தங்களால் பெரும்பாலும் நஷ்டப்படுவது யார் என்று யோசியுங்கள் என்று எழுதினார். அந்த வழக்கில் பணக்காரர் மனைவி, கேட்டது கணவர். ஆனாலும் அவர் நிலை மாறவில்லை. பாடம் நடத்துகிறவருக்கு ஒரே ஒரு வழக்கு கண்ணில் தெரியாது, அந்த வகை வழக்கு முழுக்கத் தெரியும். அது பலமா பலவீனமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கூடலூரான் – ஞாயிறு, மாலை 6.40

எல்லோரும் லண்டனிலேயே இருக்கிறீர்கள், கூடலூருக்கு வாருங்கள்.

1965 பிப்ரவரியில் டீட்ரிச் கான்ராட் என்று ஒரு ஜெர்மன் சட்டப் பேராசிரியர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு உரை நிகழ்த்தினார். நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம் என்றால் எதுவரைக்கும் திருத்தலாம்? மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் முகலாயர் ஆட்சியைத் திரும்பக் கொண்டுவந்துவிட முடியுமா? இந்த மாதிரிக் கேள்விகள். கேட்டவர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள். அந்த உரை சென்னை வக்கீல் எம்.கே. நம்பியார் கைக்கு வந்தது, கோலக்நாத் வழக்கில் அவர் அந்த வாதத்தை எடுத்து வைத்தார். 1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள், ஏழுக்கு ஆறு, திருத்தம் போட்டும் குலைக்க முடியாத "அடிப்படைக் கட்டமைப்பு" ஒன்று அரசமைப்பில் உண்டு என்ற கருத்து பிறந்தது.

இதில் கூடலூர் எங்கே வருகிறது என்றால், நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்தின் ஜென்ம நிலங்களை (பரம்பரை உரிமை நிலங்களை) எடுத்துக்கொள்ள 1969-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. 1972-ல் உச்ச நீதிமன்றம் காட்டு நிலங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்றது. உடனே 1974-ல் சட்டத்தைத் தூக்கி ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டார்கள், அங்கே வைத்தால் கோர்ட்டு தொட முடியாது என்று. அதை எதிர்த்ததுதான் ஐ.ஆர். கொய்லோ வழக்கு. 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் போட்ட எந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைத்தால் கேள்வி கேட்கலாம் என்றார்கள். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இது பாடம். எங்கள் ஊர் மண்ணிலிருந்து போன வழக்கு.

கான்ராட் இந்தியாவில் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. வெறும் ஒரு உரை.

என் கதை: தாத்தா காலத்திலிருந்து இருக்கும் எங்கள் வீடு, அந்த 1969 சட்டத்தின் செக்சன் 17-ல் வரும், இன்னும் முடிவாகாத நிலத்தில். ஒரு அலுவலகத்துக்கு நான் நடந்த நடைக்கு இந்நேரம் மைசூர் போய்த் திரும்பியிருக்கலாம். கொய்லோ தீர்ப்பு வந்தது, இன்னும் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வரவில்லை. சோலார் விளக்கில் என் பையன் அதே தீர்ப்பைப் படித்துக்கொண்டிருக்கிறான், அவனும் சட்டம்தான்.

பச்சைத்தேயிலை – ஞாயிறு, இரவு 8.02

கூடலூரான் அண்ணா, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சட்ட ஆணையம் என்றதும் ஞாபகம் வந்தது. மெக்காலே 1834-ல் சென்னையில் இறங்கி, ஆட்கள் தூக்கிவர ஊட்டிக்குத்தான் வந்தார், கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்க்க. அப்புறம் முதல் சட்ட ஆணையத்துக்குத் தலைவர், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவு. ஆள் வக்கீல் தொழிலில் பெரிதாக ஒன்றும் கிழித்ததில்லை. அந்தச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்துத்தான் 2024 ஜூன் கடைசி வரை நாம் ஒருவரையொருவர் "நாலு இருபது" என்று திட்டிக்கொண்டிருந்தோம். இப்போது எண் மாறிவிட்டது, திட்டு மாறவில்லை.

கோர்ட்டுவாசி – ஞாயிறு, இரவு 9.30

பேராசிரியர் நீதிபதியானால் எல்லாம் சுபம் என்று தங்கச்சி நினைத்துவிடக் கூடாது. ஃபெலிக்ஸ் பிராங்க்ஃபர்ட்டர் என்று ஒருவர். பன்னிரண்டு வயதில் வியன்னாவிலிருந்து அமெரிக்கா போனவர், ஹார்வர்டில் கால் நூற்றாண்டு பேராசிரியர், 1939-ல் ரூஸ்வெல்ட் நேராக உச்ச நீதிமன்றத்தில் உட்கார வைத்தார். நீதிபதிகள் கூடிப் பேசும் அறையில் ஐம்பது நிமிடம் விடாமல் பேசுவாராம், ஹார்வர்டில் ஒரு பீரியட் அவ்வளவுதான் என்பதால். கூட இருந்தவர்கள் நொந்துபோனார்கள்.

அவர் கை நம்மையும் தொட்டது. 1947 கடைசியில் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் அவரைப் பார்த்தார். நியாயமான நடைமுறை இருக்கிறதா என்று நீதிபதிகள் அலசும் அதிகாரத்தை எழுதி வைக்காதீர்கள், எங்கள் ஊரில் அது படுத்துகிற பாடு போதும் என்ற தொனியில் ஆலோசனை. வாசகம் மாறி, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21-வது பிரிவு "சட்டம் வகுத்த நடைமுறை" என்று நின்றது. 1950-ல் நம் சென்னை மாகாணச் சிறையிலிருந்த ஏ.கே. கோபாலன் வழக்குப் போட்டார், வாதாடியவர் கூடலூரான் சொன்ன அதே நம்பியார். சட்டம் ஒன்று இருக்கிறதா, இருக்கிறது, அப்படியானால் அடைத்து வைக்கலாம் என்று தோற்றது. 1978-ல் மேனகா காந்தி வழக்கு வரும் வரை அதே கதிதான். ஒரு வாத்தியார் யோசனையால் கதவு மூடியது, இன்னொரு வாத்தியார் உரையால் வேறொரு கதவு திறந்தது. இரண்டுக்கும் நடுவில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றது ஒரு வக்கீல். அதனால்தான் சொல்கிறேன், வக்கீலாக என்ரோல் செய் (பதிந்துகொள்).

இன்னொன்று, உனக்காக. 1960-ல் ஹார்வர்ட் ஆசிரியர் ஒருவர் கெட்டிக்கார மாணவி ஒருவரைப் பிராங்க்ஃபர்ட்டரிடம் உதவியாளராகச் சிபாரிசு செய்தார். பெண் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார். அந்த மாணவி ரூத் பேடர் கின்ஸ்பர்க். அவரும் சட்டப் பேராசிரியரானார், 1993-ல் அதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்.

ஹட்டிப்பெண் – திங்கள், இரவு 7.50

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஹேல் 2019 செப்டம்பரில் பதினோரு நீதிபதிகளின் தீர்ப்பை டி.வி. நேரலையில் வாசித்த வீடியோவையும் காட்டினேன், ஐந்து வாரம் நாடாளுமன்றத்தை மூடி வைத்தது செல்லாது என்ற தீர்ப்பு. அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. "அந்த அம்மா தோள்ல என்ன, சிலந்தியா?" என்றார். ஆமாம், சிலந்தி ப்ரூச். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கத்தாம பேசறாங்க, டீச்சர் மாதிரி" என்றார். அதற்கு மேல் ஜட்ஜம்மா பேச்சு வீட்டில் எழவில்லை.

முடிவு இப்போதைக்கு: என்ரோல் செய்து மூன்று வருடம் குன்னூர் அல்லது ஊட்டியில் ஒரு சீனியரிடம். பாடம் நடத்தும் ஆசையை விடுவதாக இல்லை. கோர்ட்டுவாசி அண்ணா சொன்ன மூன்று மணி நேர விதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரம் நடத்த, கோவைக்குப் போக வர பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டிப் பிள்ளைகளுக்கு மட்டும்.

மேகமூட்டம் அக்கா, ரெக்கார்டர் பதவி பற்றி எல்.எல்.எம். ஆய்வு செய்யலாமா? தனியாக எழுதுகிறேன்.

மேகமூட்டம் – திங்கள், இரவு 8.15

தாராளமாக. 124(3)-ஐயும் சேர்த்துக்கொள்.

பழைய குமாஸ்தா – திங்கள், இரவு 9.05

குன்னூர் என்றால் எங்கள் பழைய ஆபீசில் சொல்லி வைக்கிறேன் அம்மா. முதல் ஆறு மாதம் வாய்தா வாங்கத்தான் அனுப்புவார்கள், மனசு விட்டுவிடாதே. ஒன்று மட்டும். கோட்டு தைக்கக் கீழே கோயம்புத்தூரில் அளவு கொடுக்காதே, அந்த ஊர் வெயிலுக்குச் சிக்கென்று தைத்துவிடுவார்கள். இங்கேயே தை. உள்ளே ஸ்வெட்டர் போட இடம் விட்டுத் தைக்கச் சொல்.